துணையிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல...

தனியாகச் சொல்லத் தயக்கமா? அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குத் துணையையும் அழைத்துச் செல்லுங்கள். ஆலோசகர் உடனிருந்து பேசுவார். துணைக்கும் அங்கேயே பரிசோதனை செய்யலாம். சண்டைக்கு நடுவில் பேச்சை எடுக்க வேண்டாம்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியே தொற்று பரவாது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். அதுவரை ஆணுறை கட்டாயம். பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் துணைக்குத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும்.

கணவரிடமிருந்து தொற்று பெற்ற பெண்ணையே ‘ஒழுக்கம் கெட்டவள்’ என்று தூற்றுவது பெரிய அநியாயம். சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டு விரட்டுவார்கள் என்று அஞ்சக் காரணம் இருந்தால், சொல்லியே ஆக வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பெண்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. முதலில் ஆலோசகரிடம் பேசுங்கள். இலவச உதவி எண்: 1097.