தலையிலோ முதுகுத்தண்டிலோ அடிபட்டால்... அரசு உதவி எங்கே கிடைக்கும்?

* விபத்து நடந்ததும் 108-ஐ அழையுங்கள். கழுத்தையும் முதுகையும் வளைக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் படுக்க வையுங்கள். பதற்றத்தில் அள்ளித் தூக்கினால் தண்டுவடப் பாதிப்பு கூடிவிடும்.

* தமிழக எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

* டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். கூடவே இரண்டு செட் ஜெராக்ஸும் இருக்கட்டும்.

* மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, சக்கர நாற்காலி, பயணச் சலுகை எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

* தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. தகுதியை அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

* மறுவாழ்வுப் பயிற்சிக்கு சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வெளியே போக முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே பிசியோதெரபி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

* படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பு, குதிகால் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும்.

இவை யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.