கப்பல் சுற்றுலா: கரையில் எங்கே போவது, விருந்துக்கு எதை உடுப்பது?

தொம்மலூர், அல்சூர், இந்திரா நகர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்ப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. பெற்றோர் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கும்போது, கரீபியன் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குப் பிள்ளைகள் பணம் கட்டிவிடுகிறார்கள். பயணச்சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒவ்வொரு தீவிலும் இறங்கி எங்கே போவது? இரவு விருந்துக்கு என்ன உடுத்துவது?

இந்தக் கடற்பயணம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமானதல்ல. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்ற 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல், 1990இல் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு ஓடத் தொடங்கிய அதே கப்பல்தான். ஆகவே சென்னையில் ஏறினாலும் மயாமியில் ஏறினாலும் கீழே சொல்பவற்றுள் பல பொருந்தும்.

1. முதலில் நேரக் கணக்கு

கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று அட்டவணை சொன்னால், கையில் 9 மணி நேரம் இருப்பதாக எண்ண வேண்டாம். இறங்க ஒரு மணி நேரம் கழியும். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகவே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். மிஞ்சுவது 7 மணி நேரம். கேமன் தீவின் ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் கப்பல் கடலிலேயே நங்கூரமிடும். சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

மெக்ஸிகோவின் கோசுமெல் தீவில் இறங்குவோர் பலருக்குத் துலூம் என்ற மாயா நாகரிக இடிபாடுகளைப் பார்க்க ஆசை. முக்கால் மணி நேரம் படகு, ஒரு மணி நேரம் பேருந்து, திரும்பவும் அதே வழி. பயணத்துக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் போய்விடும். கடல் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு அது தண்டனை.

இன்னொன்று: கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கைப்பேசி தானாகவே தீவின் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். எனவே இறங்குமுன் கப்பல் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள்.

2. கப்பல் ஏற்பாடா, சொந்த ஏற்பாடா?

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவுக்குக் கட்டணம் அதிகம். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; இல்லையேல் அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டு சேர்ப்பார்கள். சொந்தமாக டாக்ஸி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். அடுத்த தீவுக்கு விமானச் செலவு நம்முடையது. ஆகவே தொலைவான இடத்துக்குக் கப்பல் ஏற்பாட்டில் போங்கள். துறைமுகத்துக்கு அருகிலுள்ள இடத்துக்குச் சொந்தமாகப் போகலாம்.

பாஸ்போர்ட் விஷயத்தில் கவனம் தேவை. பேரப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்கலாம். தாத்தா, பாட்டியின் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். பிள்ளைகளுக்குப் பொருந்தும் விதி பெற்றோருக்குப் பொருந்தாது. கப்பல் வெளிநாட்டுக்குப் போய் அமெரிக்காவுக்குத் திரும்புவதால், மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் விசா தேவையா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. யாரை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவி பேர்பெற்றது. ஆனால் அங்கே வழுக்கும் பாறைகளின் மேல் நீருக்கெதிராக ஏற வேண்டும். இளையவர்களுக்குக் கொண்டாட்டம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. குடும்பம் இரண்டாகப் பிரிந்து போவதில் தவறில்லை. ஆனால் பெரியவர்களைக் கப்பலிலேயே உட்கார வைத்துவிட்டுப் போவதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

கப்பல் தெற்குக் கரீபியன் பக்கம் போனால், தமிழர் தவறவிடக் கூடாத கரை ஒன்று உண்டு. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854இல் குவாதலூப் தீவுக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை.

குவாதலூப்பில் கப்பல் நிற்கும் பொயிண்ட்-ஆ-பித்ர் நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் கப்பெஸ்தேர் என்ற ஊர். அங்கே சாங்கி என்னுமிடத்தில் சாலையோரம் வண்ணச் சிலைகளுடன் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்குள்ளோர் நாவில் மாரியம்மன் 'மாலியெமென்' ஆகிவிட்டாள். தமிழ்ப் பேச்சு மறைந்தும் தெய்வத்தின் பெயர் மறையவில்லை. அந்த ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் (1863–1952) என்பவர், இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கி 1923இல் வெற்றி கிட்டும் வரை போராடினார். அங்கே மதிய உணவில் 'கொலொம்போ' என்ற பெயரில் வருவது நம் மசாலாக் குழம்பின் உறவுதான்.

தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஊர் விட்டு ஊர் போன மக்கள் தம் சுவட்டைக் கோயிலில் விட்டுச் செல்வது எங்கும் நடப்பது. பேரப்பிள்ளைக்குக் கடற்கரை நாலு தீவில் கிடைக்கும். இந்தப் பாடம் ஓரிரு தீவுகளில்தான் கிடைக்கும்.

4. உடை

ஏழு இரவுப் பயணத்தில் பொதுவாக ஒன்றோ இரண்டோ இரவுகளைச் சிறப்பு உடைக்கென்று ஒதுக்குவார்கள். கோட்டும் டையும் இல்லையே என்று கவலை வேண்டாம். அவரவர் நாட்டு உடை அங்கே முறையான உடையாகவே ஏற்கப்படுகிறது. பெண்களுக்குப் பட்டுப் புடவை, ஆண்களுக்குப் பட்டு வேட்டி சட்டை போதும். கப்பல் ஆடும்போது வேட்டி நழுவுமோ என்று அஞ்சுவோர் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கலாம். மற்ற இரவுகளில் சல்வார், பேண்ட் சட்டை சரி. நீச்சல் உடையுடன் விருந்துக் கூடத்துக்குப் போகக் கூடாது. உடுத்திக்கொள்ள மனமில்லையென்றால், தானே எடுத்துண்ணும் உணவுக் கூடம் இருக்கவே இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை:

• இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் குக்கர் இரண்டையும் தீ அபாயம் கருதி அறையில் அனுமதிப்பதில்லை. கசங்காத துணியே நல்லது.
• விருந்துக் கூடத்தில் குளிர்சாதனம் பலமாக இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை வேண்டும்.
• துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.
• ஜமைக்கா, பார்படாஸ் போன்ற நாடுகளில் ராணுவச் சீருடை போன்ற புள்ளித் துணியைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் சட்டை, தொப்பியைப் பார்த்து எடுத்து வையுங்கள்.
• கோயிலுக்குப் போகும் நாளில் தோளும் முழங்காலும் மறையட்டும்.
• சைவம் உண்போர் முதல் இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால், மறுநாள் முதல் தனியே சமைத்துத் தருவார்கள்.

வீட்டுப் பயிற்சி

பயண அட்டவணையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே மூன்று விடைகளை எழுதுங்கள்: உண்மையில் கையில் இருப்பது எத்தனை மணி நேரம்? நம் வீட்டில் மெதுவாக நடப்பவரால் அங்கே போய்வர முடியுமா? அந்தக் கரையில் நம் மக்கள் யாரேனும் வாழ்ந்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை தேடும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். புதுச்சேரியையும் குவாதலூப்பையும் உலகப் படத்தில் அவர்கள் விரலால் தொட்டுக் காட்டிய பிறகு கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாம்.