இரண்டு நட்சத்திரம் ஒன்றான கதை

கேள்வி: கூட்டாட்சி என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டால் சிறுபான்மையினருக்கு அது போதாதா? ஆப்பிரிக்காவில் உதாரணம் உண்டா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது. கேமரூனைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பெரும்பகுதியும், பிரிட்டிஷார் வசமிருந்த தெற்குக் கேமரூன்ஸும் 1961 அக்டோபரில் கூட்டாட்சியாக இணைந்தன. கூட்டாட்சிக்கு ஊறு செய்யும் திருத்தத்தை எடுத்துக்கொள்ளவே கூடாது என்றது அந்த அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு. எவ்வளவு பெரிய பூட்டு! அதிபர் அகிஜோ அதைத் தொடவே இல்லை. 1972 மே 20 அன்று நாடு முழுவதற்கும் ஒரே வாக்கெடுப்பு வைத்தார். ஆங்கில மொழிப் பகுதியினர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அவர்களைத் தனியாகக் கேட்கவில்லை. கூட்டாட்சி போயிற்று. கொடியிலிருந்த இரண்டு நட்சத்திரங்களும் 1975இல் ஒன்றாயின. 1984இல் நாட்டின் பெயரும் மாறியது.

2016இல் ஆங்கில மொழிப் பகுதியிலுள்ள பமெண்டா நகரில் வழக்கறிஞர்கள் விக்கும் கறுப்பு அங்கியுமாகத் தெருவில் இறங்கினார்கள். பிரெஞ்சுச் சட்டம் படித்த நீதிபதிகளை ஆங்கிலப் பொதுச் சட்ட நீதிமன்றங்களில் உட்காரவைத்தால் கட்சிக்காரர் கதி என்ன என்பது அவர்கள் கேள்வி. ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். அரசு கைதும் இணையத் தடையுமாகப் பதில் சொன்னது; 2017இல் அது ஆயுத மோதலாயிற்று.

2019 டிசம்பரில் ஆங்கில மொழிப் பகுதியின் இரு மாகாணங்களுக்கும் ‘சிறப்பு அந்தஸ்து’ கொடுத்தார்கள். மாகாணப் பேரவை உண்டு, பாரம்பரியத் தலைவர்கள் அவை உண்டு. ஆளுநரை மட்டும் இன்றும் அதிபரே நியமிக்கிறார்.