ஒரு லீற்றர் எவ்வளவு?

எமது கிராமிய சுகாதாரப் பணியில் விடுமுறைக் காலப் பயிற்சிக்குச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவரிடம், வயிற்றோட்டம் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை எழுதும் பொறுப்பை ஒப்படைத்தோம். மூன்று நாட்களில் எழுதி முடித்தார். பிழையற்ற தமிழ், ‘நீரிழப்பு’, ‘மின்பகுபொருள்’ என்ற பாடநூற் சொற்கள் யாவும் இருந்தன. நாமும் படித்து மகிழ்ந்தோம். அச்சுக்குக் கொடுக்குமுன் சில தாய்மாரிடம் வாசித்துக் காட்டும்படி மட்டும் கூறினோம்.

முதல் வீட்டிலேயே ஒரு தாய் கேட்டார்: “ஒரு லீற்றர் எண்டால் எங்கட செம்பில எவ்வளவு பிள்ளை?”

மாணவியிடம் பதில் இல்லை. எம்மிடமும் இல்லை.

இது சிறிய கேள்வியல்ல. ஒரு லீற்றருக்கான ஜீவனிப் பைக்கற்றைக் குறைந்த நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும். நீர் கூடினால் பயன் குறையும். அளவு விளங்காத தாயின் கையில் எமது பிரசுரம் வெறும் கடதாசியே.

பங்களாதேசத்தின் பிராக் நிறுவனம் இதை நன்கு உணர்ந்திருந்தது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் 120 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குச் சென்று, மூன்று விரலால் அள்ளும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மாரின் கையளவிலேயே கரைசல் செய்யப் பழக்கினர். பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று தாய்மாரைச் சோதிப்பார். தாய் எவ்வளவு கற்றிருந்தாரோ, அதற்கேற்பவே ஊழியரின் ஊதியம் அமைந்தது.

எமது மாணவி கிராமத்துச் செம்புகளை அளந்து பார்த்தார். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. எனவே இப்படித் திருத்தி எழுதினார்:

“கடையில் விற்கும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கழுவி எடுங்கள். கொதித்தாறிய நீரை அதனால் அளந்து, பைக்கற் முழுவதையும் கரையுங்கள். பிள்ளைக்கு வயிற்றாலே போகும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 24 மணித்தியாலம் கடந்தால் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க முடியாமற் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.”

நாம் கற்றவை:

1. வாசிப்பவர் வீட்டிலுள்ள பொருளைக் கொண்டே அளவைச் சொல்ல வேண்டும்.
2. ஒரு வசனத்தில் ஒரு செயல் போதும்.
3. “விளங்கியதா?” என்று கேளாது, “செய்து காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும்.

குழுவில் கலந்துரையாட:

- உங்கள் கிராமத்துக்கு இறுதியாக வந்த சுகாதாரப் பிரசுரத்தில் விளங்காத சொற்கள் எவை?
- அதை அச்சிடுமுன் உங்களில் எவரிடமாவது வாசித்துக் காட்டினார்களா?