நிலப்பட நூலின் நுழைவாயில்



நிலப்பட நூலைக் கையில் எடுத்தவுடன் நம் நாட்டைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுவது உங்கள் வழக்கம். முதற் பக்கத்தில் சற்று நிற்பவர் சிலரே. பழைய டச்சு நிலப்பட நூல்களிலோ அந்த முதற் பக்கமே ஒரு பாடமாக அமைந்திருந்தது.

1570ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஒர்டேலியஸ் என்பார், 'உலக அரங்கு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரில் ஒரு நூலை ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்டார். இன்று பெல்ஜியத்தில் உள்ள அந்நகர், அன்று தாழ்நிலங்களின் பெரும் வாணிகத் துறைமுகமாக விளங்கியது. 53 படத்தாள்களை ஒரே அளவில் தொகுத்த அந்நூலே இக்கால நிலப்பட நூல்களுக்கு முன்னோடியாகும்.

அதன் முகப்பு செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டது. செதுக்குவோர் கூரிய சிற்றுளியை முன்னோக்கித் தள்ளிக் கோடு கீறுவர். எழுத்தையும் உருவத்தையும் இடவலம் மாற்றியே செதுக்குவர். அப்போதுதான் தாளில் நேராகப் பதியும். தகட்டில் மை தடவித் துடைத்தால் கோட்டின் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். நனைத்த தாளை மேலே வைத்து உருளைகளிடையே அழுத்தினால் படம் தாளில் ஏறும். பால்மரம் வெட்டும் பெற்றோர்க்கு இத்தொழிலின் அருமை எளிதில் விளங்கும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் வாராது. உளிக்கும் அத்தகைய அளவு உண்டு. ஆழ்ந்த கோடு கருமையாகும். மெல்லிய கோடு வெளிறும்.

இனி, படத்தைக் காண்போம். அழகிய வாயில் ஒன்றின் உச்சியில் ஐரோப்பா முடி சூடிச் செங்கோலேந்தி அரசியாய் அமர்ந்திருக்கிறாள். கீழே ஒருபுறம் ஆசியா நறும்புகைக் கலம் ஏந்தி நிற்கிறாள். மறுபுறம் ஆப்பிரிக்கா, தலையைச் சூழ்ந்த கதிரொளியுடன் நிற்கிறாள். அடியில் அமெரிக்கா வெட்டுண்ட தலையைக் கையிற் பற்றிக் கிடக்கிறாள். அருகே ஒரு மார்பளவுச் சிலை, முற்றும் அறியப்படாத தென்னிலத்தைக் குறிக்கிறது.

இப்படத்தை வகுப்பிற் காட்டியபோது ஒரு மாணவி எம்மை வினவினாள்: "ஐயா, ஐரோப்பா அமர்ந்திருக்கிறாள், நம் ஆசியா ஏன் நின்றுகொண்டிருக்கிறாள்?"

அவ்வினாவே இப்பாடத்தின் உயிர். படம் ஐரோப்பாவில், ஐரோப்பியர்க்காக வரையப்பட்டது. கண்டங்களின் உண்மை நிலையையன்று, வரைந்தோர் தம்மைப்பற்றியும் பிறரைப்பற்றியும் கொண்ட எண்ணத்தையே அது காட்டுகிறது. அவ்வெண்ணம் தாளோடு நின்றுவிடவில்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பிளாவ் குடும்பத்தார் 1633 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படம் வரைந்து வந்தனர். அக்கம்பெனியே 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றியது. அதே குடும்பத்தின் யோவான் பிளாவ் 1662இல் 11 தொகுதிகள் கொண்ட பெருநூலை இலத்தீனில் வெளியிட்டார். கலையும் வாணிகமும் படைவலிமையும் ஒரே துறைமுகத்திற் கூடியிருந்தன.

ஆகவே, செதுக்கியவர் கைத்திறனைப் போற்றுவோம்; அவர் சொன்ன கருத்தை ஆராய்ந்தே ஏற்போம். அழகாக அச்சிடப்பட்டது என்பதனால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. யார் வரைந்தார், யாருக்காக வரைந்தார் என்று கேட்கக் கற்றவரே கற்றவராவர்.

பயிற்சி:
1. செப்புத் தகட்டில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்குவது ஏன்?
2. அம்முகப்பை இன்று நீங்கள் வரைவதானால் கண்டங்களை எவ்வாறு அமைப்பீர்கள்? வரைந்து, பெற்றோரிடம் காட்டி விளக்குக.