சுழலும் சுழியும்

தொம்மலூர், பெங்களூரு.

அன்புள்ள கயல்,

ஆற்றைப் பற்றி எழுதும்போது சுழல் என்பதா, சுழி என்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது எப்போதும் பொருந்தாது.

சுழல் என்றால் ஓட்டம். கடன் சுழலில் சிக்கினான் என்கிறோம். சுழி என்பது வளைவு, அந்த வளைவு விழுந்த இடம். உச்சந்தலையில் முடி வளைந்து கிடப்பது சுழி. மூன்றுசுழி ண, இரண்டுசுழி ன, பிள்ளையார் சுழி, இவை எதுவும் அசைவதில்லை, பார்.

"பாறைக்குக் கீழே சுழி இருக்கு, இறங்காதே" என்பார்கள் ஆற்றங்கரைக்காரர்கள். ஒகேனக்கல்லில் நின்று கவனி. (நம் தொம்மலூர்க் குழாயில் வருவதும் அதே காவிரிதான்.) பாறையில் மோதிய நீர் இருபுறமும் பிரிந்து விரைகிறது. பாறையின் முதுகுப்புறத்தில் மட்டும் வேகம் செத்த நீர். விரையும் நீர் அதன் ஓரத்தை இழுத்துக்கொண்டு போக, குறைந்ததை நிரப்பக் கீழ்ப்பக்கத்திலிருந்து நீர் பாறையை நோக்கித் திரும்புகிறது. அங்கே அகப்பட்ட சருகு ஆற்றை எதிர்த்துப் பாறைவரை ஏறும், பிறகு விளிம்பில் மாட்டிக் கீழே போகும், மறுபடி ஏறும். நீர் மாறிக்கொண்டே இருக்கிறது, சுழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அதை ஓர் இடமாகவே சொல்கிறார்கள். மேலே சாந்தமாகத் தெரிகிறதே என்று இறங்கிவிடாதே. வேகநீரும் எதிர்நீரும் உரசும் அந்த விளிம்புதான் ஆளை இழுக்கும். எந்த ஆற்றிலும் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் கால் வைக்காதே.

ஊர்ப்பெயர்களிலும் இந்தச் சொல் உண்டு. சுவாமிமலை அருகே திருவலஞ்சுழி. காவிரி வலமாகச் சுழித்ததால் வந்த பெயர் என்பார்கள். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த திருச்சுழியில், சிவன் பெருவெள்ளத்தைச் சுழித்து நிலத்துக்குள் இறக்கினார் என்கிறது தலபுராணம்.

இங்கே தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. விடுமுறைக்கு வா, கூட்டிப் போகிறேன். கல்லில் மூன்றுசுழி ணகரம் எங்கே என்று நீயே தேடிக் கண்டுபிடி.

இன்னொன்று. முகத்துக்குச் 'சுழிப்பு' என்றும் வழக்கு உண்டு. 'சுளிப்பு' என்றே இன்று பலர் எழுதுகிறார்கள். ஆறு மட்டும் 'சுளித்து' ஓடாது. அங்கே ழகரம்தான்.

அன்புடன்,
மாமா