வயித்துல அடிச்சா பணியுமா நாடு? கியூபா தரும் பாடம்

குண்டு போடாமலே ஒரு நாட்டைப் பணிய வைக்கப் பார்ப்பதுதான் பொருளாதாரத் தடை. அது பலிக்குமா? கியூபாவின் கதையைப் பார்ப்போம்.

1960ல் அமெரிக்க அதிகாரி லெஸ்டர் மல்லரி எழுதிய அரசுக் குறிப்பிலேயே நோக்கம் வெளிப்படையாக இருக்கிறது: பணமும் பொருளும் போகாமல் தடுத்து, பசியை உண்டாக்கி, காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்ப்பது. 1962 பிப்ரவரியில் கென்னடி முழுத் தடை போட்டார். ஆட்சி கவிழவில்லை. காரணம், சோவியத் ஒன்றியம் கியூபாவின் சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு எண்ணெய், உரம், டிராக்டர் எல்லாம் கொடுத்தது.

இங்கதான் நாம கவனிக்கணும். முப்பது வருசமா கியூபா கரும்பையே நம்பி இருந்தது. அந்தக் கரும்பு வெளியிலிருந்து வந்த உரத்தையும் டீசலையும் நம்பி இருந்தது. 1991ல் சோவியத் உடைந்ததும் டிராக்டர் நின்னுபோச்சு. அமெரிக்கா 1992லும் 1996லும் தடையை இன்னும் இறுக்கியது. 1992-93ல் 50,000 பேருக்கு மேல் நரம்பு நோய் வந்தது; பலருக்குப் பார்வை மங்கியது. சத்துக்குறைவுதான் முக்கியக் காரணம். அப்பவும் ஆட்சி விழல. அடி வாங்கினது சாதாரண சனங்கதான்.

அதற்குப் பிறகுதான் உழவு மாடு வயலுக்குத் திரும்பியது. ஹவானாவின் காலி மனைகளில் மண்புழு உரம் போட்டுக் காய்கறி வளர்த்தார்கள். பூச்சிக்கு பெவேரியா பூஞ்சாணத்தை உள்ளூரிலேயே பெருக்கினார்கள். 1993ல் பெரிய அரசுப் பண்ணைகள் கூட்டுறவுகளாகப் பிரிந்தன. 1994ல் உழவர் சந்தைகள் மறுபடி திறந்தன.

இதை மிகைப்படுத்தியும் சொல்லக் கூடாது. காய்கறியில் கியூபா நன்றாகவே தேறியது. அரிசி, கோதுமை, கோழிக்கறிக்கு இன்றும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. 2000ல் அமெரிக்கச் சட்டம் உணவுப் பொருளுக்கு வழி விட்டதால், கோழிக்கறி அமெரிக்காவிலிருந்தே வருகிறது!

நமக்கு என்ன பாடம்? தடை ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. ஆனால் இடுபொருளை வெளியே வாங்கினவன் கழுத்துக் கயிறு அடுத்தவன் கையில இருக்குன்னு காட்டிடுச்சு. கியூபா விவசாயி பசியோட நின்னுதான் மாடு பழக்கினார். நமக்கு இன்னும் அவகாசம் இருக்கு. கடைக்கு ஒரு வருசம் சரக்கே வரலைன்னா உங்க தோட்டத்துல எது எது நிக்கும்? விதையா, உரமா, தீவனமா? இன்னைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்க. அதில் ஒன்றையாவது இந்தப் பட்டத்திலேயே சொந்தமாக்குங்க. மண்ணு தேற வருசக்கணக்கா ஆகும். நெருக்கடி நமக்காகக் காத்திருக்காது.